வளர்ந்த கார்

காவல் நிலையத்துக்குப் பின்னால் நின்றிருந்த சாம்பல் நிறக் காரைச் சர்வேயரம்மா மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தார். அவருடைய கொழுந்தன் நின்ற இடத்திலேயே நின்று கழுத்தை மட்டும் சுற்றினான்.

"அண்ணி, இன்னொரு சுத்து சுத்துனீங்கன்னா காருக்கே தலை சுத்தும்."

சர்வேயரம்மா நாலாவது சுற்றை ஆரம்பித்தார். இருபது வருஷம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக அடிபட்ட கார்களைப் பார்த்து அறிக்கை எழுதியவர். வேலையை விட்ட பிறகு ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறிய ஆரம்பித்தார். கார்கள் பொய் சொல்லாது, மனிதர்கள் சொல்வார்கள் என்பதால் இந்த வேலையில் சம்பாத்தியம் நிலையானது என்பது அவர் கணிப்பு.

கொழுந்தன் ஒன்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளராக இருந்தவன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் சிரித்துச் சிரித்துக் கம்பத்தில் மோதியதால் நீக்கப்பட்டான். வீட்டில் சும்மா உட்கார்ந்து பேசுகிறவன் வெளியில் சும்மா உட்கார்ந்து பேசட்டுமே என்று அண்ணி சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவதாகச் சுவரோரம் நின்றவள்தான் வழக்கைக் கொண்டுவந்தவள். தையல்காரி. தையல் மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"மறுபடி ஒரு தடவை சொல்லும்மா," என்றார் சர்வேயரம்மா.

"முந்தாநாள் காலைல ஆறு மணிக்கு, பழைய கிடங்கு மைதானத்துல, இந்தக் கார் ரிவர்ஸ்ல போய் பேப்பர்காரர் மேல ஏறிடுச்சு. சைக்கிளோட விழுந்தவருக்கு ரெண்டு காலும் முறிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணியிருக்காங்க, இன்னும் சரியா நினைவு திரும்பல. என் வீட்டுக்காரர் நேரா ஸ்டேஷனுக்கு வந்து 'நான்தான் ஓட்டினேன்'னு எழுதிக் கொடுத்துட்டார். நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்."

"ஒத்துக்காதவங்களைப் பிடிக்கத்தான் பொதுவா எங்களைக் கூப்பிடுவாங்க," என்றான் கொழுந்தன். "ஒத்துக்கிட்டவரை வெளிய எடுக்கறது புது மாடலா இருக்கு."

தையல்காரி அவனைப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷமா டிரைவர். ஊசில நூல் கோக்கற மாதிரி ரிவர்ஸ் எடுப்பார். அவர் இடிச்சார்னா நான் நம்ப மாட்டேன். யாரையோ காப்பாத்தறார். கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறார்."

"யாரைன்னு நினைக்கற?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

"முதலாளியோட மாப்பிள்ளையை. போன வாரம்தான் இதுல புது ஷாக் அப்சார்பர், புது ஸ்பிரிங் எல்லாம் மாத்தினாங்க. ஏத்தி இறக்கற மாதிரி, வெளிநாட்டு சாமானாம். அந்த மாதிரி ஆசையெல்லாம் அந்த மாப்பிள்ளைக்குத்தான்."

கார் பிரின்ஸிபாலுடையது. ஊரிலேயே பெரிய டிரைவிங் ஸ்கூலின் முதலாளியை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். கொழுந்தனை வேலையை விட்டு நீக்கியவரும் அவரே. அறுபதை நெருங்கும் வயசு, வாசற்படியை நிறைக்கும் உடம்பு. சாலை விதிகளைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகத்தைப் படிக்காமல் அந்த ஊரில் யாரும் லைசென்ஸ் வாங்கியதில்லை.

சர்வேயரம்மா காரின் முன்னால் குந்தினார். அடி பின்பக்கம். முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் முகம் கோணியிருந்தது. வலது பக்கம் தூக்கி, இடது பக்கம் தாழ்ந்து, யாரையோ சந்தேகத்தோடு பார்க்கிற மாதிரி நின்றது.

"அந்த டேப்பைக் கொடும்மா."

சக்கரத்தின் உச்சிக்கும் அதற்கு மேலுள்ள மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத் தையல் டேப்பால் அளந்தார். இடது பக்கம் இரண்டரை அங்குலம். வலது பக்கம் மூன்றே கால்.

"இடிச்சதுல கோணிடுச்சு போல," என்றான் கொழுந்தன்.

"அடிபட்டா கார் நசுங்கும் தம்பி. வளராது."

அவர் டார்ச்சை எடுத்து முன்சக்கரங்களுக்குப் பின்னால் அடித்தார். இரண்டு பக்கமும் மஞ்சள் நிறத்தில் புதுச் சுருள்கள். சுருளுக்குக் கீழே, மரை போட்ட குழாயில் ஓர் இரும்பு ரிங். அதைத் திருகினால் சுருள் உட்காரும் இடம் மேலேயோ கீழேயோ போகும், காரும் கூடவே போகும். இடது பக்கம் ரிங்குக்குக் கீழே எட்டு மரை தெரிந்தது. வலது பக்கம் பதினைந்து.

"யாரோ வேணும்னே வலது முன்பக்கத்தைத் தூக்கி வெச்சிருக்காங்க. ஷாக் மாட்டின மேஸ்திரி யாரு?"

*

மேஸ்திரியின் பட்டறை தகரக் கூரை போட்ட ஒரே கூடம். உள்ளே ஒரு சிவப்புக் கார் நாலு தாங்கிகளின் மேல் காலில்லாமல் நின்றது. அதற்கும் புது ஷாக் மாட்டிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. மேல் போல்ட் மூன்றையும் கையால் ஏற்றிவிட்டு, கீழ் போல்ட்டைப் பாதி மட்டும் திருகிவிட்டார்.

"ஏன் முழுசா முடுக்கல?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

"வண்டி தரையில உக்காந்தப்புறம்தான் முடுக்கணும். தொங்கும்போது முடுக்கினா உள்ள இருக்கற ரப்பர் முறுக்கிக்கிட்டே இருக்கும், ஆறு மாசத்துல கிழிஞ்சுடும். நீங்க யாரு?"

சர்வேயரம்மா சாம்பல் காரைப் பற்றிச் சொன்னார். மேஸ்திரியின் முகம் ஷட்டர் இறங்கிய கடை மாதிரி ஆயிற்று.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. டிரைவர் கொண்டுவந்தார். மாட்டினேன். கொண்டுபோனார்."

"மாப்பிள்ளை வந்தாரா?"

"வரல."

"யாருக்காக மாட்டினீங்க?"

"காருக்காக."

கொழுந்தன் பாராட்டும் விதமாகத் தலையாட்டினான். "அண்ணி, இவர் நம்ம ஆபீஸ்ல இருக்க வேண்டியவர்."

சர்வேயரம்மா பையை எடுத்துக்கொண்டு திரும்பினார். வாசலுக்கு இரண்டடி முன்னால், யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்:

"பரவால்ல மேஸ்திரி. வேலை தெரியாதவங்க பட்டறைல இது சகஜம்தான். ஒரு பக்கம் எட்டு மரை, ஒரு பக்கம் பதினஞ்சு. ரெண்டு பக்கம் ஒண்ணா வைக்கத் தெரியாதவர்கிட்ட என்னத்தைக் கேக்க."

ஸ்பேனர் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"யாருக்கு வேலை தெரியாது?"

சர்வேயரம்மா திரும்பவில்லை.

"இங்க பாருங்கம்மா! வெறும் வண்டியை மட்டம் பாக்கறவன் மேஸ்திரி இல்ல. ஆள் ஏறினப்புறம் மட்டம் பாக்கறவன்தான் மேஸ்திரி. ஓட்டற சீட்டுல ஆளோட எடைக்கு மணல் மூட்டையை அடுக்கி, ரெண்டு நாள் மரை மரையா திருகி, ஒரு நூல் கோணாம நிறுத்தினேன். வெறும் வண்டி கோணித்தான் நிக்கும். ஆள் ஏறினா நேராயிடும். அதுதான் வேலை!"

"எத்தனை மூட்டை?"

மேஸ்திரி கையிலிருந்த கிரீஸை வேட்டியில் துடைத்தார். "வாக்குக் கொடுத்திருக்கேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

"கேக்கல. கழட்டின பழைய ஸ்பிரிங் இருக்கா?"

மூலையில் நாலும் கிடந்தன. எந்தச் சக்கரத்துடையது என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார் மேஸ்திரி. சர்வேயரம்மா முன்பக்க ஜோடியை ஒன்றாக நிற்க வைத்தார். ஒரே உயரம். பின்பக்க ஜோடியில் ஒன்று மட்டும் அரை அங்குலம் குட்டை. 'இடது பின்' என்று எழுதியிருந்தது.

"அது பிரின்ஸிபால் சீட்டு," என்றான் கொழுந்தன். "பதினோரு வருஷமா அந்த மூலைலதான் உக்காருவார். அந்த ஸ்பிரிங்குக்குப் பென்ஷன் கொடுக்கணும்."

சர்வேயரம்மா குட்டை ஸ்பிரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம் ரசமட்டம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டார்.

*

காவல் நிலையத்துக்குத் திரும்பியதும் காரின் பானெட் மேல் ரசமட்டத்தைக் குறுக்காக வைத்தார். கண்ணாடிக்குள் குமிழ் வலது கோடிக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"ஓட்டற சீட்டுல உக்காரு தம்பி. உன் எடை என்ன?"

"அறுபத்திரண்டு. சாப்பாட்டுக்கு முன்னால."

அவன் உட்கார்ந்தான். குமிழ் பாதி வழி நகர்ந்து நின்றுவிட்டது. தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் அம்பத்தெட்டு," என்றாள் மெதுவாக.

"மாப்பிள்ளை?"

"ஈரத்துணியோட எடை போட்டாலும் அறுபது தாண்ட மாட்டார். கல்யாணச் சட்டையே நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன்."

"அப்போ ரெண்டு பேருக்காகவும் இதைத் தூக்கி வைக்கல. ஏட்டய்யா, ஒரு நிமிஷம் வரீங்களா?"

ஏட்டு ஒல்லியான மனிதர். அரசாங்கக் காரியம் என்று சொன்னதால் வந்தார். கொழுந்தன் மடியில் உட்கார வேண்டும் என்று சொன்னதும் யோசித்தார். சட்டப் புத்தகத்தில் அதற்குத் தடை எதுவும் நினைவுக்கு வராததால் உட்கார்ந்தார்.

"சட்டம் இவ்வளவு எலும்பா இருக்கும்னு நினைக்கல அண்ணி," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

குமிழ் நகர்ந்தது. நடுக்கோட்டுக்கு வந்து அசையாமல் நின்றது.

"உங்க எடை ஏட்டய்யா?"

"அம்பத்தாறு."

"நூத்துப் பதினெட்டு," என்றார் சர்வேயரம்மா.

தையல்காரியின் கை அவளை அறியாமல் டேப்பைப் பிடித்தது. அந்த ஊரில் அந்த எடைக்கு அவள் ஓர் ஆளுக்குத்தான் சட்டை தைக்கிறாள். நாலு மீட்டர் துணி.

"ஆனா பிரின்ஸிபால் முன்சீட்டுல உக்காரவே மாட்டாரே!"

"பதினோரு வருஷமா உக்காரல. பின் ஸ்பிரிங் சொல்லுது. இப்ப உக்கார்றார். முன் ஸ்பிரிங் சொல்லுது."

கொழுந்தன் ஏட்டை இறக்கிவிட்டு இறங்கினான். "அண்ணி, ஒண்ணு இடிக்குது. அவர் ஓட்டினா என்ன தப்பு? ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுத்தவர். எதுக்கு ஆறு மணிக்கு ஆளில்லாத மைதானம்? எதுக்கு மேஸ்திரிகிட்ட வாக்கு?"

"ஒன்பது வருஷம் அங்க வேலை பாத்தியே. அவர் கார் ஓட்டி ஒரு தடவையாவது பாத்திருக்கியா?"

கொழுந்தன் வாயைத் திறந்தான். வழக்கமாக அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு ஜோக் தயாராக இருக்கும். இன்றைக்கு, "ஒரு தடவைகூட இல்ல அண்ணி," என்று மட்டும் சொன்னான்.

*

டிரைவிங் ஸ்கூல் முற்றத்தில் பன்னிரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிரின்ஸிபால் கரும்பலகையில் வரைந்த வளைவைக் குச்சியால் தட்டிக் கிளட்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர்கள் நாலு பேர் கதவோரம் நின்றார்கள். கொழுந்தனைக் கண்டதும் இரண்டு பேர் அப்போதே சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"வகுப்பு நடக்குதும்மா," என்றார் பிரின்ஸிபால்.

"உங்ககிட்டத் தனியாப் பேசணும். இவங்களை அனுப்பிடுங்களேன்."

"என்கிட்ட ரகசியம் எதுவும் இல்ல. இங்கயே சொல்லுங்க."

சர்வேயரம்மா அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது போல ஒரு கணம் காத்திருந்தார். பிறகு வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பயிற்சிக் காரைக் காட்டினார். "எங்க வண்டி உள்ள வர முடியல. இதைக் கொஞ்சம் பின்னால எடுத்துக் கொடுங்க."

பிரின்ஸிபால் ஒரு பயிற்சியாளரைப் பார்த்தார்.

"இல்ல, நீங்களே எடுங்களேன்," என்றார் சர்வேயரம்மா. "ரெண்டடிதான்."

பெஞ்சிலிருந்தவர்கள் ஆவலோடு திரும்பினார்கள். பிரின்ஸிபால் ஓட்டுவதைப் பார்க்கும் பாக்கியம் அவர்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஒருவர் நோட்டைத் திறந்து பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார்.

பிரின்ஸிபால் நடந்துபோய் ஏறினார். பயிற்சிக் கார் முனகிக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்தது. சீட்டைச் சரிசெய்தார். பெல்ட்டை மாட்டினார். மூன்று கண்ணாடிகளையும் திருத்தினார். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தார், அவருடைய புத்தகத்தின் அட்டைப்படத்தில் இருக்கிற மாதிரியே.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நிமிஷம் போயிற்று. பேனா வைத்திருந்தவர், 'அவசரப்படக் கூடாது' என்று எழுதிக்கொண்டார். இன்னொரு நிமிஷம் போயிற்று. பிரின்ஸிபாலின் காதோரம் வேர்வை வழிந்தது. சர்வேயரம்மா ஜன்னலருகே குனிந்தார்.

"ரிவர்ஸ் எதுன்னு எனக்கு இன்னும் தடுமாறுதும்மா," என்றார் பிரின்ஸிபால், சர்வேயரம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"தெரியும்."

"ஸ்கூல் எங்கப்பா ஆரம்பிச்சது. இருபது வயசுல ஒரு தடவை ஸ்டியரிங்கைப் பிடிச்சேன், கை நடுங்கிச்சு, விட்டுட்டேன். அப்பா போனதும் நாற்காலி எனக்கு வந்துது. அதுக்கப்புறம் யார்கிட்டப் போய் 'எனக்கும் கத்துக்கொடுங்க'ன்னு கேப்பேன்? வருஷம் ஓடிடுச்சு. போன மாசம் பேத்தி கேட்டா, 'தாத்தா, நீங்களே ஓட்டி என்னைக் கூட்டிட்டுப் போங்க'ன்னு." அவர் கைகள் இன்னும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. "டிரைவர்தான் கத்துக்கொடுக்கறேன்னான். நான் ஓட்டற சீட்டுல உக்காந்தா வண்டி சாயும். எனக்குப் பயமா இருக்கும். தெருவுல போறவன் பாத்தாலே யார் ஓட்டறான்னு தெரிஞ்சுடும். அதான் ஷாக்கை மாத்தி நேராக்கினோம்."

"நேராக்கினதுதான் காட்டிக் கொடுத்துடுச்சு."

"அன்னைக்கு ஃபர்ஸ்ட் கியர்னு நினைச்சு அழுத்தினேன். வண்டி பின்னால பாஞ்சுது. டிரைவர் என்கிட்ட, 'நீங்க வீட்டுக்குப் போங்கய்யா, சொல்லிக்கொடுக்கறவன்தான் பொறுப்பு, உங்க புத்தகத்துல முதல் பக்கமே அதுதானே'ன்னான். நான்..." ஒரு கை பெல்ட்டின் கொக்கியைத் தேடியது. "நான் வேண்டாம்னு சொல்லல."

முற்றத்தில் பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். கொழுந்தன் அவர்களுக்கும் காருக்கும் நடுவில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவன் பேசாமல் நின்றதைப் பயிற்சியாளர்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

பிரின்ஸிபால் பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். கரும்பலகைப் பக்கம் போனார். குச்சியை எடுக்கவில்லை.

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாது," என்றார் வகுப்பைப் பார்த்து. "பேப்பர்காரர் மேல ஏத்தினது நான். டிரைவர் இல்ல. இன்னைக்குப் பாடம் அவ்வளவுதான்."

பேனா வைத்திருந்தவர் இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

*

ஸ்டேஷனில் ஏட்டு வாக்குமூலத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதினார். ஓட்டுநர் உரிம எண் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இல்ல," என்றார் பிரின்ஸிபால்.

ஏட்டிடமிருந்த சொந்த உரிமமே இந்த மனிதர் கையெழுத்துப் போட்ட சான்றிதழின் மேல் வாங்கியது. ஏட்டு 'இல்லை' என்று எழுதினார். கொஞ்சம் அழுத்தி எழுதினார்.

டிரைவரை வெளியே விட ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்து அதிர்ந்தார்.

"ஏன்யா சொன்னீங்க? நாப்பது குடும்பம் அந்த ஸ்கூலை நம்பி இருக்கே."

"உன் குடும்பம் அதுல ஒண்ணு இல்லையா?" என்று கேட்டாள் தையல்காரி. கணவன் பக்கம் போனாள். அவருடைய சட்டையில் காலர் மடிந்திருந்தது. அதைச் சரியாக இழுத்து விட்டாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமான பலத்தோடு. "நான் மூணு நாளா ஒருத்தியா நின்னேன். ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லத் தோணல உங்களுக்கு. வீட்டுக்கு வாங்க. உக்கார வெச்சுப் பேசறேன்."

"இன்னும் ரெண்டு நாள் உள்ளயே இருந்திருக்கலாம்," என்றான் கொழுந்தன், டிரைவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பிரின்ஸிபால் எழுந்தார். "என்னை அடைக்கறதுக்கு முன்னால ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகணும். அனுமதி உண்டா?"

ஏட்டு கூடவே வந்தார். சர்வேயரம்மாவும் போனார். நாலு தெரு தள்ளியிருந்தது ஆஸ்பத்திரி. நடந்தே போனார்கள்.

பேப்பர்காரருக்கு அன்று மதியம்தான் நினைவு தெளிந்திருந்தது. இரண்டு காலும் கட்டுக்குள் இருந்தன. மறுபடி நடப்பார், ஆனால் நாளாகும் என்று நர்ஸ் சொன்னாள். சைக்கிள் மிதிப்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிரின்ஸிபால் வார்டு கதவிலேயே நின்றுவிட்டார். படுக்கையில் இருந்தவர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"கார் ஏறினதும் ஒருத்தர் ஓடிவந்தார்," என்றார் பேப்பர்காரர். குரல் பலவீனமாக இருந்தது. "என் தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டார். தண்ணி கொடுத்தார். இன்னொருத்தர் இருந்தார். பெரிய உருவம். கார் கதவைப் பிடிச்சுக்கிட்டுத் தூரத்துலயே நின்னார். கிட்ட வருவார், வருவார்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் நினைவு போயிடுச்சு." மூச்சு வாங்கினார். "தூரத்துல நின்னது நீங்கதானே?"

"ஆமா," என்றார் பிரின்ஸிபால்.

பேப்பர்காரர் கண்ணை மூடித் திறந்தார். கட்டிலருகே இருந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினார்.

"இப்பவாவது கிட்ட வாங்க."

கதவிலிருந்து கட்டில் வரைக்கும் ஏழு எட்டு அடி இருக்கும். பிரின்ஸிபால் நடக்க ஆரம்பித்தார். ஏட்டு பின்னாலேயே போகக் காலை எடுத்து வைத்தார். சர்வேயரம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தினார்.